மூவாயிரம் டாலருக்கு மறுவாழ்வுச் சான்றிதழ் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சொந்த ஊர் திருச்சி. 2006-இல் கிரீன் கார்டோடு கலிபோர்னியா வந்தார். 2008-இல், கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்துவிட்டார். மொத்தம் 14,000 டாலர். 2009-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஃபெலனி (பெரிய வகைக் குற்றம்), பதினாறு மாதம் மாநிலச் சிறை. 2010 மார்ச்சில் பரோலில் வெளியே வந்தார். 2014-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் போனோம், 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவுக்கே, ஃபிரிமாண்டுக்குத் திரும்பினோம். சிறையிலிருந்து வந்த பிறகு ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட இல்லை. 2016-இல் கிரீன் கார்டைப் புதுப்பித்தபோதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது எல்.வி.என். என்னும் ஆரம்ப நிலை நர்சிங் படிக்க ஆசைப்படுகிறார். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்கும் போய்வர வேண்டும். தெரிந்த ஒருவர், 3,000 டாலர் கொடுத்தால் ‘மறுவாழ்வுச் சான்றிதழ்’ வாங்கித் தருகிறேன், ரெக்கார்டே அழிந்துவிடும், கிரீன் கார்டுக்கும் பயமில்லை என்கிறார். நம்பலாமா?

பதில்:

முதலில் ஒன்று. திருச்சிக்கு டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இது மட்டும் இன்றைக்கே.

ஏன் என்றால், உங்கள் கணவர் அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை, அவரை அனுப்ப வேண்டும் என்றால் அரசாங்கம்தான் அவரைத் தேடி வந்து வழக்குப் போட வேண்டும். ஊருக்குப் போய்விட்டுச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது கதை தலைகீழ். பாஸ்போர்ட்டையும் கார்டையும் கொடுத்து விரலை வைத்த மாத்திரத்தில் 2009 கணினியில் எழுந்து நிற்கும். இந்த மாதிரிக் குற்றம் உள்ள கிரீன் கார்டுக்காரரைச் சட்டம் ‘வீடு திரும்புகிறவர்’ என்று பார்க்காது, ‘புதிதாக உள்ளே வர அனுமதி கேட்கிறவர்’ என்றுதான் பார்க்கும். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, குடியேற்ற நீதிமன்றத்துக்கு வரச்சொல்லிக் காகிதம் தருவார்கள். சிலரை அங்கிருந்தே காவலுக்குக் கொண்டுபோவதும் உண்டு. 2016-இல் கார்டு புதுப்பித்தபோது ஒன்றும் நடக்கவில்லையே என்கிறீர்கள். அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை என்பதைத் தாண்டி அதற்குப் பொருள் எதுவும் இல்லை. மாமியாரின் நிலைமை தெரிகிறது. ஆனாலும் ஒரு நல்ல குடியேற்ற வக்கீல் காகிதங்களைப் பார்த்து, போகலாம் என்று சொல்லும்வரை அவர் போகக் கூடாது. நீங்கள் போய் வாருங்கள்.

அதேபோல, குடியுரிமை விண்ணப்பத்தையும் யாராவது ‘சும்மா போட்டுப் பாருங்கள்’ என்றால் போடாதீர்கள். அது நாமே முகவரி எழுதி அனுப்பும் அழைப்பிதழ்.

இனி அந்த மூவாயிரம் டாலர் ஆசாமி. நான் வக்கீல் இல்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஓர் இலவசச் சட்ட உதவி முகாமில் பதினோரு வருடமாகத் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்தும் படிவம் நிரப்பியும் வருகிறேன். இந்த ஆசாமியை வேறு வேறு முகங்களில் பலமுறை பார்த்துவிட்டேன். கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தில் மறுவாழ்வுச் சான்றிதழுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, 4852.01-இல் தொடங்கும். இந்த மனுவுக்கு எந்த நீதிமன்றக் கட்டணமும் கிடையாது என்று 4852.09 சொல்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளாதவருக்கு அந்தக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பப்ளிக் டிஃபெண்டர் (அரசே வைக்கும் வக்கீல்) அலுவலகமே ஆஜராகும் என்று 4852.08 சொல்கிறது. எனக்குப் பிடித்தது 4852.2. வக்கீலாக இல்லாத ஒருவர் இந்த மனுவுக்கோ, இதன் வழியாகப் போகும் மன்னிப்பு விண்ணப்பத்துக்கோ மனுதாரர் சார்பில் நிற்பதாகச் சொல்லிப் பணம் கேட்டாலே அது குற்றம். வாங்கக்கூட வேண்டாம், கேட்டாலே போதும். உங்கள் கணவரின் பழைய குற்றத்தைத் துடைக்க வருகிறவர் புதிதாக ஒரு குற்றம் செய்துகொண்டிருக்கிறார்.

‘ரெக்கார்டே அழிந்துவிடும்’ என்பதும் பொய். நம் ஊரில் டி.சி.யோடு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தருவார்களே, எல்லாப் பையனுக்கும் ‘நன்று’ என்று எழுதி? பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. வருடக்கணக்கில் காத்திருந்து, மனுப் போட்டு, அரசுத் தரப்புக்கு ஆட்சேபிக்க வாய்ப்புக் கொடுத்து, ஒரு நீதிபதி எல்லாவற்றையும் பார்த்து ‘இந்த மனிதர் திருந்திவிட்டார்’ என்று எழுதும் உத்தரவு. திருந்தினார் என்று சொல்ல வேண்டுமானால் குற்றம் செய்தார் என்பது அங்கேயே இருக்க வேண்டும், இல்லையா? ஆகவே பதிவு அப்படியே இருக்கும், அதன் பக்கத்தில் இந்த உத்தரவும் இருக்கும். விரல் ரேகை சோதனையில் இரண்டும் வரும். காலம் முடிந்துவிட்டது என்பதற்காக இது தானாகக் கிடைக்கிற உரிமையும் அல்ல. சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் மிகக் கடுமையானது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றமே 2001-இல் ஆன்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் எதற்கு இது? இரண்டு பயன். ஒன்று, மாநில லைசென்ஸ் வாரியங்கள் அந்தத் தண்டனையை மட்டும் காட்டி லைசென்ஸை மறுக்க முடியாது. இன்னொன்று, சான்றிதழ் வழங்கப்பட்டதுமே அதன் நகல் ஆளுநருக்குப் போய், அதுவே மன்னிப்புக்கான விண்ணப்பமாக ஆகிவிடும். உங்கள் வீட்டுக்கு முதல் பயன் பெரிய விஷயமில்லை. இரண்டாவதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் பயன் ஏன் பெரிய விஷயமில்லை என்றால், நர்சிங்குக்கு உங்களுக்கு இந்தச் சான்றிதழே தேவைப்படாது. 2020 ஜூலையிலிருந்து, ஏழு வருடத்துக்கு மேற்பட்ட பழைய தண்டனையை வைத்துப் பெரும்பாலான வாரியங்கள் லைசென்ஸை மறுக்கக் கூடாது. கொடுங்குற்றப் பட்டியலில் உள்ளவை போன்ற சில விலக்குகள் உண்டு. உங்கள் கணவருடையது அந்தப் பட்டியலில் இல்லாத திருட்டு. பதினைந்து வருடம் தாண்டியாயிற்று. அப்புறம், 2023 ஜனவரியிலிருந்து 1203.41 பிரிவின் கீழ், மாநிலச் சிறைக்குப் போனவர்களும் தண்டனை முழுதும் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடலாம். அதற்கு முன் அந்த வசதி பெரும்பாலும் புரொபேஷனில் (சிறைக்குப் பதில் கண்காணிப்பில்) விடப்பட்டவர்களுக்கும் கவுண்டிச் சிறையில் இருந்தவர்களுக்கும் இருந்தது. படிவம் சின்னது, கலிபோர்னியாவில் குடியிருந்த காலக் கணக்கும் வேண்டாம், சில வாரங்களில் முடியலாம். வேலை கொடுப்பவர் விஷயத்திலும், ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், நிபந்தனையோடு வேலை தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் பழைய வழக்கைப் பற்றிக் கேட்க முடியும் என்று 2018 முதல் சட்டம் இருக்கிறது. சோதனை கட்டாயம் என்று சட்டமே சொல்லும் சில வேலைகளுக்கு இது பொருந்தாது. மருத்துவமனை வேலையில் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, படிப்பில் சேரட்டும். அதற்காக யாருக்கும் ஒரு காசு தர வேண்டாம்.

சரி, சான்றிதழுக்கு எப்போது மனுப் போடலாம்? இதில்தான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எல்லோருக்கும் அடிப்படை ஐந்து ஆண்டு, அதுவும் கலிபோர்னியாவில் குடியிருந்த ஐந்து ஆண்டு. அதன்மேல் குற்றத்துக்குத் தகுந்தபடி கூடும்: சாதாரண ஃபெலனிக்கு இரண்டு, கொலை போன்றவைக்கும் ஆயுள் தண்டனை உள்ளவைக்கும் நான்கு, பாலியல் குற்றவாளியாகப் பதிவு செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவைக்கு ஐந்து. சில பாலியல் குற்றங்களுக்குச் சான்றிதழே கிடையாது. உங்கள் கணவருக்கு ஐந்தும் இரண்டும் ஏழு. கடிகாரம் ஓடத் தொடங்குவது பரோல் முடிந்த நாளிலிருந்து அல்ல, பரோலில் வெளியே வந்த நாளிலிருந்தே. 2010 மார்ச்சோடு ஏழைக் கூட்டினால் 2017 மார்ச். ‘அப்படியானால் எப்போதோ தகுதி வந்துவிட்டதே’ என்று தோன்றும். வரவில்லை. மனுப் போடும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டும் அவர் தொடர்ச்சியாகக் கலிபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும். டல்லாஸ் போன எட்டு வருடம் இங்கே கழிந்துபோகிறது. 2022 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் 2027 ஆகஸ்ட். அதற்கு முன் வாடகை ஒப்பந்தம், மின்சார பில், வரித் தாக்கல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நீதி நலனுக்கு உகந்தது என்று நீதிபதி கருதினால் காலத்துக்கு முன்பே தரலாம் என்று 4852.22 இருக்கிறது, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மனு போடும் இடம், குடியிருக்கும் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் அல்லது தண்டனை கிடைத்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட். உங்களுக்கு அலமேடா கவுண்டி பக்கம். படிவம் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். விசாரணைக்கு முப்பது நாள் முன்னதாக டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கும் (கவுண்டியின் அரசு வழக்கறிஞர்) ஆளுநர் அலுவலகத்துக்கும் அறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். இதை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வந்து நிற்கிறவர்களை, இன்னொரு தேதி கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

படிவம் பெரிதில்லை. அதோடு இணைக்கும் தன்னிலைக் கடிதம்தான் உயிர். சட்டம் கேட்பது இதுதான்: நேர்மையாக, ஒழுக்கமாக, குடி போதையில்லாமல், உழைத்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தாரா? நம் ஆட்கள் இந்த இடத்தில் எப்படிச் சறுக்குகிறார்கள் என்று ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் முகாமுக்கு வந்தார். ஓட்டல் சமையற்காரர், வழக்கு வேறு மாதிரி, ஆள் நல்லவர். மூன்று பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் பக்கம் முழுக்கக் கூட்டாளியின் துரோகம். இரண்டாவது பக்கம் ‘சூழ்நிலை காரணமாக’ என்று தொடங்கியது. ‘விதி என்னை அங்கே கொண்டு நிறுத்தியது’ என்று ஒரு வரி. படிக்க உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பக்கத்திலும், அவர் செய்த காரியம் என்ன என்று ஒரு வாக்கியம் இல்லை. யாருக்கு நஷ்டம், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் இல்லை.

நம் பேச்சில் அது இயல்பு. ‘நடந்துவிட்டது’ என்போம், ‘செய்தேன்’ என்று சொல்ல வாய் வராது. அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால் நீதிபதி காதில் ‘இவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விழும். நான் அவரிடம், “ஐயா, முதல் வரியை ‘நான்’ என்று தொடங்கி, ஒரு வினைச்சொல் போட்டு முடியுங்கள், பிறகு டீ குடிக்கப் போகலாம்” என்றேன். அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதியது ஐந்து சொல். அதற்குப் பிறகு மீதி ஒன்றரைப் பக்கம் தானாக வந்தது. மகளுக்கு விஷயம் தெரியாது என்பதும், அவள் பள்ளி முடிக்கும்போது சொல்வதாக இருக்கிறார் என்பதும் அப்போதுதான் எங்களுக்கே தெரியும். அதை அவரே கடிதத்தில் சேர்த்தார்.

ஓக்லாந்தில் விசாரணை. காலையில் எட்டரைக்கே போய்விட்டோம். பெயர் கூப்பிட்டபோது பதினொன்று. அரசுத் தரப்பில் ஆட்சேபனை இல்லை என்றார்கள். நீதிபதி கடிதத்தைக் கையில் எடுத்து, “மகளிடம் சொல்லிவிட்டீர்களா?” என்று கேட்டார். “போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்” என்றார் இவர், தமிழில். நான் மொழிபெயர்த்தேன். நீதிபதி தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். மொத்தமே நான்கு நிமிடம் இருக்காது.

எல்லாமே இப்படி முடியும் என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றம் போலீஸ் அறிக்கை கேட்கலாம், சிறை நடத்தைப் பதிவு கேட்கலாம், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஆட்களை விட்டு விசாரிக்கவும் சொல்லலாம். உங்கள் வழக்கில் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது: அந்த 14,000 டாலரைக் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தாரா? தீர்ப்பில் இழப்பீடு விதித்திருப்பார்கள். பாக்கி இருந்தால் இப்போதே தவணை போட்டுக் கட்டத் தொடங்குங்கள், ரசீதுகளை வையுங்கள். முழுதும் கட்டியிருந்தால் அந்த ஒரு தாள் பத்துப் பாராட்டுக் கடிதங்களைவிட மேல். பாராட்டுக் கடிதம் என்றதும் சங்கத் தலைவரிடமும் கோயில் கமிட்டியிடமும் ஓடுவார்கள். வேண்டாம். அவரோடு வேலை செய்த மேலாளர், கடனைத் திருப்பி வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் போன்று, வழக்கு விஷயம் தெரிந்தும் நல்ல வார்த்தை எழுதுகிற இரண்டு பேர் போதும். ‘இவர் மீது வழக்கு இருந்ததே எனக்குத் தெரியாது, ஆனால் தங்கமானவர்’ என்று எழுதும் கடிதத்தால் தீமைதான்.

இனி மன்னிப்பு. மறுவாழ்வுச் சான்றிதழ் நீதிபதி தருவது, மன்னிப்பு ஆளுநர் தருவது. ஒரே ஒரு ஃபெலனி என்றால் ஆளுநர் தானே முடிவு எடுக்கலாம். இரண்டு தனித்தனி ஃபெலனி இருந்தால் மாநில உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைப் பரிந்துரை வேண்டும். 2018 இறுதியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கேட்ட சிலவற்றை அந்த நீதிமன்றம் மறுத்திருக்கிறது. நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அயர்ன் மேன். 1996-இல் காரில் போதைப் பொருளோடும் துப்பாக்கியோடும் பிடிபட்டவர். லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் மறுவாழ்வு உத்தரவு வாங்கி, 2015 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிரவுனிடம் மன்னிப்புப் பெற்றார். அவருக்கும் பதிவு அழியவில்லை.

நம் ஊரில் அண்ணா பிறந்தநாளுக்குக் கைதிகளை விடுவிப்பார்களே, அதையும் ‘பொதுமன்னிப்பு’ என்றுதான் பத்திரிகைகள் எழுதும். ஆனால் அது தண்டனைக் குறைப்பு: மீதி நாட்களைக் கழிக்கிறார்கள், குற்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும். இந்தியாவில் முழு மன்னிப்பு என்பது அரசியல் சட்டத்தின் 72, 161 பிரிவுகளில் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் இருக்கும் அதிகாரம். ‘ஊரில் யாரையாவது பிடித்து ஒரு கடிதம் வாங்கலாமா’ என்று இன்னொருவர் என்னிடம் கேட்டார். கலிபோர்னியாவில் கிடைத்த தண்டனைக்கு நம் ஊர் ஆளுநர் எதுவும் செய்ய முடியாது.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குச் சொந்த அகராதி. கலிபோர்னியா நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், மறுவாழ்வு என்று எழுதினாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை விதிக்கப்பட்டதென்றால் அவர்கள் கணக்கில் அது குற்றத் தீர்ப்புதான். ‘திருந்திவிட்டார் என்பதற்காக மாநிலம் நீக்கியதை நாங்கள் ஏற்க மாட்டோம்’ என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1999-இல் ரோல்டான் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே மேலே நான் சொன்ன 1203.41 மனு நர்சிங்குக்கு உதவும், கிரீன் கார்டுக்கு உதவாது. சான்றிதழும் அப்படியே.

உங்கள் கணவருக்கு என்ன ஆபத்து என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வந்து ஐந்து ஆண்டுக்குள் செய்த ‘ஒழுக்கக்கேடான குற்றம்’ (திருட்டு, மோசடி போன்றவை இதில் வரும்), அதற்கு ஓராண்டோ மேலோ தண்டனை கிடைக்கக்கூடும் என்றால், அது நாடு கடத்தக் காரணம். 2006-இல் வந்தார், 2008-இல் செய்தார், இது பொருந்துகிறது. இதைவிட மோசமான ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்ற வகை ஒன்று உண்டு. ஓராண்டோ மேலோ தண்டனை பெற்ற திருட்டு அதில் வரும், 10,000 டாலருக்கு மேல் நஷ்டம் வைத்த மோசடியும் வரும். பதினாறு மாதம், 14,000 டாலர் என்று பார்த்ததும் வயிறு கலங்கும்தான். ஆனால் கலிபோர்னியாவின் திருட்டுச் சட்டம் கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) சொல்லும் ‘திருட்டு’ வரையறையைவிட அகலமானது, ஆகவே அந்தப் பெட்டியில் அடங்காது என்று, கலிபோர்னியா அடங்கும் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மோசடிப் பக்கம் எப்படிப் போகும் என்பது அன்றைக்கு அவர் எந்த வாசகத்தை ஒப்புக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. இதனால்தான் காகிதத்தைப் பார்க்காமல் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்பவரையும், ‘முடிந்தது கதை’ என்பவரையும் நம்பாதீர்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் உண்மையாகவே வேலை செய்யும் வழிகளில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, ஆளுநரின் முழுமையான, நிபந்தனையில்லாத மன்னிப்பு. ஒழுக்கக்கேடான குற்றம், அக்ரவேட்டட் ஃபெலனி ஆகிய காரணங்களால் நாடு கடத்துவதை அது தடுக்கும் என்று கூட்டரசுச் சட்டமே சொல்கிறது. போதைப் பொருள், குடும்ப வன்முறை வழக்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; உங்களுடையது அவற்றில் இல்லை. நாடு கடத்தப்பட இருந்த கம்போடிய அகதிகளுக்கு ஆளுநர் கேவின் நியூசம் 2019-இல் மன்னிப்பு வழங்கியது இந்தக் கணக்கில்தான். இன்னொரு நல்ல செய்தி, இதற்கு 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழுக்குத் தகுதி வராதவர்கள் ஆளுநர் அலுவலகத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். தண்டனை கிடைத்த கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் பதில் எப்போது வரும் என்று எந்தச் சட்டமும் உங்களுக்கு உறுதி தராது. சான்றிதழ் கையில் இருந்தால் விண்ணப்பத்துக்குப் பின்னால் ஒரு நீதிபதியின் பரிந்துரை நிற்கும், அவ்வளவுதான். நேரடி விண்ணப்பத்தை இப்போது போட்டுவிட்டு, 2027-இல் சான்றிதழையும் வாங்கிச் சேர்ப்பது நான் சொல்லும் யோசனை.

இரண்டு, தீர்ப்பையே உடைப்பது. 2017 முதல் கலிபோர்னியாவில் 1473.7 என்று ஒரு பிரிவு இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்று புரியாமல் ஒப்புக்கொண்டேன், புரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்று காட்ட முடிந்தால் தீர்ப்பை ரத்து செய்யலாம். இது திருந்தியதற்காகக் கிடைக்கும் சலுகை அல்ல, தீர்ப்பே பிழையானது என்பது. சட்டப் பிழைக்காக ரத்தான தீர்ப்பைக் குடியேற்ற நீதிமன்றமும் கணக்கில் எடுக்காது. மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் விவார் என்பவரின் வழக்கில் இந்தப் பிரிவுக்கு நல்ல உயிர் கொடுத்தது: சிறு வயதில் மெக்சிகோவிலிருந்து வந்து, குடும்பமே இங்கே இருந்தவர், நாடு கடத்தப்படுவோம் என்று தெரிந்திருந்தால் அந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார் என்று நீதிமன்றம் ஏற்றது.

உங்கள் கணவர் ஒப்புக்கொண்டது 2009. வக்கீல் தன் கட்சிக்காரருக்கு நாடு கடத்தல் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் படிலா வழக்கில் தீர்ப்புச் சொன்னது 2010 மார்ச்சில். அதற்கு முந்தைய காலத்தில் பல வக்கீல்கள் வாயே திறக்கவில்லை. அவரிடம் கேளுங்கள்: அன்றைக்கு அந்த வக்கீல் கிரீன் கார்டைப் பற்றி என்ன சொன்னார்? மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா? ‘எட்டு மாதத்தில் வெளியே வந்துவிடலாம், கையெழுத்துப் போடு’ என்பதைத் தவிர வேறு ஏதாவது காதில் விழுந்ததா? நினைவில் இருப்பதை, இருக்கிறபடியே, கூட்டாமல் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் காகிதங்கள். கலிபோர்னியா நீதித் துறையிடமிருந்து அவருடைய சொந்தக் குற்றப் பதிவை வாங்குங்கள். லைவ் ஸ்கேன் கடையில் விரல் ரேகை கொடுக்க வேண்டும். துறையின் கட்டணம் 25 டாலர், கடைக்காரர் தனியாக வாங்குவார், வருமானம் குறைவென்றால் துறைக் கட்டணத்தைத் தள்ளுபடி கேட்கலாம். தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் எழுத்தரிடம் குற்றப் பத்திரிகை, ஒப்புதல் படிவம், தீர்ப்பு மூன்றின் சான்றிட்ட நகலையும், அன்றைய வாய்மொழிப் பதிவு கிடைக்குமானால் அதையும் கேளுங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு, குற்ற வழக்கும் குடியேற்றமும் இரண்டும் தெரிந்த வக்கீலிடம் போங்கள். மூவாயிரத்தில் ஒரு பகுதியை அங்கே செலவழிக்கலாம். பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள், இப்படிப்பட்ட குடியேற்றப் பிரிவு சில கவுண்டிகளில் அவர்களிடமே உண்டு.

தன்னிலைக் கடிதத்தை இப்போதே தொடங்கட்டும். ஆங்கிலத்தில் முயல வேண்டாம், நீங்கள் எழுதிக்கொடுக்கவும் வேண்டாம். அவரே தமிழில், ‘நான்’ என்று தொடங்கி எழுதட்டும். மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.